ஆகென்ல முதல் மாசம்: லெட்டர் பாக்ஸ்ல இருந்து ஹாம் கோயில் வரைக்கும், ஸ்டெப் பை ஸ்டெப்

ஜெர்மனியில வின்டர் செமஸ்டர் அக்டோபர் 1 தொடங்குது, ஆனா ஆகஸ்ட்ல இருந்தே இங்க படிக்க வர்றவங்ககிட்ட இருந்து எனக்கு வாட்ஸப்ல ஒரே கேள்வி தான், "அக்கா, வந்து இறங்கினதும் முதல்ல என்ன பண்ணணும்?" ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டுப் போட்டு தொண்டை கட்டிக்கிச்சு, அதான் ஒரே இடத்துல எழுதிடறேன். நான் இருக்கிறது ஆகென், ஜெர்மனியோட மேற்கு மூலை, இந்தப் பக்கம் நெதர்லாந்து அந்தப் பக்கம் பெல்ஜியம். வேற ஊருக்குப் போறவங்களுக்கும் முக்கால்வாசி இதே கதை தான்.

ஏபிஎஸ் (நம்ம படிப்பு சர்டிஃபிகேட் எல்லாம் சரிதான்னு செக் பண்ணித் தர்ற பேப்பர்), விசா எல்லாம் முடிச்சு பெட்டி கட்டிட்டு இருக்கவங்களுக்கு தான் இந்த போஸ்ட். ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, இங்க பேப்பர் வேலை எல்லாம் பூ கட்டின மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோர்த்திருக்கும், நடுவுல ஒண்ணை விட்டுட்டு அடுத்ததுக்குத் தாவ முடியாது. நான் தாவிப் பார்த்து ஒரு மாசம் வேஸ்ட் பண்ணினேன்.

ஸ்டெப் 1: லெட்டர் பாக்ஸ்ல பேர் ஒட்டுங்க

சிரிக்காதீங்க, இது தான் முதல் வேலை. ரூம்ல பெட்டியைக் கூட பிரிக்க வேணாம், கீழ போய் லெட்டர் பாக்ஸ்லயும் காலிங் பெல்லுலயும் உங்க பேரை எழுதி ஒட்டிட்டு வாங்க. இந்த நாட்டுல பேங்க் கார்டு, பின் நம்பர், இன்சூரன்ஸ் கார்டு, டாக்ஸ் நம்பர்னு எல்லாமே தபால்ல தான் வரும். நம்ம ஊர்ல போஸ்ட்மேன் அண்ணன் "செல்வராஜ் வீடு தானே"ன்னு கேட்டுக் கொடுத்துட்டுப் போவாரு, இங்க பாக்ஸ்ல பேர் இல்லைன்னா லெட்டர் வந்த வழியே திரும்பிப் போயிடும்.

இதுல நம்மாளுங்களுக்கு ஸ்பெஷலா ஒரு சிக்கல் இருக்கு. பாஸ்போர்ட்ல சர்நேம் இடத்துல நம்ம பெரும்பாலும் அப்பா பேரைப் போட்டிருப்போம், இங்க கூப்பிடறதே சர்நேம் வச்சு தான். நான் பெருமையா என் பேரை மட்டும் கலர் ஸ்கெட்ச்ல எழுதி ஒட்டினேன், வந்த லெட்டர் எல்லாம் செல்வராஜுக்கு, அது அங்க இல்லையே, அதனால ரெண்டு வாரம் ஒண்ணுமே வரல. அப்புறம் தான் பக்கத்து ரூம் பொண்ணு சொல்லி அப்பா பேரை ஒட்டினேன். பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே, உங்க பேர், அப்பா பேர் ரெண்டையும் எழுதுங்க. அன்னையில இருந்து இந்த ஊருக்கு நான் ஃப்ராவ் செல்வராஜ், அதாவது திருமதி செல்வராஜ். எங்கம்மாகிட்ட சொன்னா "அப்போ நான் யாருடி"ங்கறாங்க.

ஸ்டெப் 2: அன்மெல்டுங்

வீட்டுக்குள்ள குடி வந்த 2 வாரத்துக்குள்ள அந்த ஊர் ஆபீஸ்ல போய் இன்ன அட்ரஸ்ல இருக்கேன்னு பதியணும், அதுக்குப் பேர் அன்மெல்டுங். செப்டம்பர், அக்டோபர்ல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது தட்கல் டிக்கெட் மாதிரி, அதனால ஊர்ல இருக்கும்போதே ஆன்லைன்ல பார்த்து ஸ்லாட் போட்டுடுங்க. காலையில சீக்கிரமா பார்த்தா கேன்சல் ஆன ஸ்லாட் சில சமயம் தெரியும்.

எடுத்துட்டுப் போக வேண்டியது பாஸ்போர்ட், ஃபார்ம், அப்புறம் வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட ஒரு பேப்பர், வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்னு நாக்கு சுளுக்கிக்கிற பேர். வாடகை அக்ரிமென்ட் இருக்கேன்னு இதை விட்டுட்டுப் போகாதீங்க, அக்ரிமென்ட் வேற இது வேற. அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே ஓனர்கிட்ட "இந்தப் பேப்பர் தருவீங்களா"ன்னு கேளுங்க, தர மாட்டேன்னு சொன்னா அந்த ரூம் எவ்வளவு சீப்பா இருந்தாலும் வேணாம். பதிஞ்சு முடிச்சதும் ஒரு பேப்பர் தருவாங்க, அதை ஸ்கேன் பண்ணி போன்ல வச்சுக்கோங்க, அடுத்து எங்க போனாலும் கேப்பாங்க.

ஸ்டெப் 3: பணம், இன்சூரன்ஸ், ரெசிடென்ஸ் கார்டு

ஸ்பெர்கோன்டோல, அதாவது விசாவுக்காகத் திறந்த லாக் பண்ணின அக்கவுன்ட்ல, போட்ட பணம் (2024 செப்டம்பர்ல இருந்து வருஷத்துக்கு 11,904 யூரோ, மாசக் கணக்குல 992) தானா உங்க கைக்கு வராது. இங்க சாதாரண பேங்க் அக்கவுன்ட் ஒண்ணு திறந்து அந்த நம்பரைக் கொடுத்தா தான் மாசாமாசம் அதுல விழும். சில பேங்க் அக்கவுன்ட் திறக்கவே அன்மெல்டுங் பேப்பர் கேக்கும், அதான் வரிசை வரிசைன்னு சொல்றேன். முதல் மாசச் செலவுக்கு தனியா காசு கொண்டு வாங்க, வாடகை, டெபாசிட், செமஸ்டர் ஃபீஸ் மூணும் ஒரே வாரத்துல வந்து நிக்கும்.

ஹெல்த் இன்சூரன்ஸ் இல்லாம யுனிவர்சிட்டில சேர்த்துக்கவே மாட்டாங்க, 30 வயசு வரைக்கும் அரசு முறை இன்சூரன்ஸ்ல ஸ்டூடண்ட் ரேட் கிடைக்கும், அதையே எடுங்க. விசா முடியற தேதிக்கு முன்னாடி ரெசிடென்ஸ் கார்டுக்கு அப்ளை பண்ணிடுங்க, கடைசி மாசம் வரைக்கும் இழுக்காதீங்க. பார்ட் டைம் வேலை வருஷத்துக்கு 140 முழு நாள், இல்ல 280 அரை நாள் தான், அதை நோட்ல எழுதிக் கணக்கு வச்சுக்கோங்க.

அப்புறம் ஒருநாள் டிவி, ரேடியோவுக்கு மாசம் 18.36 யூரோ கட்டுன்னு லெட்டர் வரும். "என்கிட்ட டிவியே இல்லை"ன்னு குப்பையில போட்டுடாதீங்க (நான் போட்டேன்), டிவி இருந்தாலும் இல்லைன்னாலும் வீட்டுக்கு ஒருத்தர் கட்டியே ஆகணும். ஷேரிங் வீடுன்னா யாரு கட்டறாங்கன்னு கேட்டு பங்கு போட்டுக்கோங்க.

ஸ்டெப் 4: அடுப்படி

ஊர்ல இருந்து குக்கர் கொண்டு வர்றவங்க முதல்ல அடுப்பு என்னன்னு கேளுங்க. கண்ணாடி மாதிரி இருக்கிற எல்லாம் இன்டக்‌ஷன் இல்லை. சாதா செரான் அடுப்புன்னா அலுமினிய குக்கர் சூடாகும், இன்டக்‌ஷன்னா அசையாது, அதுக்கு அடி இன்டக்‌ஷனுக்கு ஏத்த ஸ்டீல் குக்கர் வேணும்.

தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துட்டு, கிச்சன் கதவைச் சாத்திட்டு, அப்புறம் தான் மிளகாய் போடணும். நான் வந்த நாலாவது நாள் ராத்திரி ரசத்துக்கு வரமிளகாய் கிள்ளிப் போட்டேன், ஹால்ல இருந்த ஸ்மோக் அலாரம் கத்தின கத்துல மூணு ரூம்ல இருந்தும் ஆளுங்க ஜாக்கெட் போட்டுட்டு வெளிய வந்துட்டாங்க, ஒருத்தன் கையில லேப்டாப், இன்னொருத்தி கையில பூனை. ரசம் கொடுத்து தான் சமாதானம் பண்ணினேன், பூனைக்காரி இப்போ தானா வந்து கேக்கறா.

கொத்தமல்லி, பச்சை மிளகாய், மைசூர் பருப்பு எல்லாம் துருக்கிக் கடையில சீப். துவரம்பருப்பு, உளுந்து, இட்லி அரிசிக்கு ஆசியக் கடை. குளிர்ல மாவு பொங்கவே பொங்காது, ஓவனை ஆன் பண்ணாம உள்ள லைட்டை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை வச்சு மூடிடுங்க, காலையில பொங்கி நிக்கும். கீழ ஒரு தட்டு வைங்க, ஓவனைக் கழுவறது பெரிய கொடுமை.

ஸ்டெப் 5: பாட்டில், குப்பை, ஞாயித்துக்கிழமை

தண்ணி பாட்டிலை நசுக்கித் தூக்கிப் போடற பழக்கத்தை விட்டுடுங்க. ஒரு தடவை மட்டும் யூஸ் பண்ற பிளாஸ்டிக் பாட்டில், கேன் ஒவ்வொண்ணுக்கும் 25 சென்ட் டெபாசிட் பில்லுலயே சேர்த்துப் பிடிச்சிருப்பாங்க, பேர் ஃபான்ட். சூப்பர் மார்க்கெட்ல ஒரு மெஷின் இருக்கும், அது வாய்க்குள்ள பாட்டிலைப் படுக்க வச்சா உருட்டி உருட்டிப் பார்த்துட்டு முழுங்கும், கடைசில பச்சை பட்டனை அமுக்கினா சீட்டு வரும், அதை கவுன்டர்ல கொடுத்தா காசு. லேபிள் கிழிஞ்சாலோ பாட்டில் நசுங்கினாலோ திருப்பித் துப்பிடும். பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் (ரூம்மேட்டோடது, நம்பணும்).

குப்பை பேப்பருக்கு ஒண்ணு, பேக்கிங் கவருக்கு ஒண்ணு, காய்கறித் தோலுக்கு ஒண்ணு, மிச்சத்துக்கு ஒண்ணு. பெட்டி நிறம் ஊருக்கு ஊர் மாறும், மூடியில எழுதியிருக்கிறதைப் பார்த்துப் போடுங்க. ஞாயித்துக்கிழமை கடை எல்லாம் லீவு, பால், ரொட்டி சனிக்கிழமையே வாங்கிடணும். மறந்துட்டா பெரிய ரயில்வே ஸ்டேஷன் உள்ள இருக்கிற கடை திறந்திருக்கும், விலை தான் கொஞ்சம் எரியும்.

ஸ்டெப் 6: ட்ரெயின் டிக்கெட்

இனி தான் நல்ல பகுதி. டாய்ச்லாண்ட் டிக்கெட்னு ஒண்ணு இருக்கு, மாசம் ஒரு தொகை கட்டினா நாடு முழுக்க டவுன் பஸ், ட்ராம், மெட்ரோ, லோக்கல் ட்ரெயின் எல்லாத்துலயும் ஏறிக்கலாம். 2023 மே 1ல 49 யூரோவுக்கு தொடங்கினாங்க, 2025ல 58, 2026 ஜனவரில இருந்து 63. நிறைய யுனிவர்சிட்டில இதோட ஸ்டூடண்ட் வெர்ஷன் செமஸ்டர் ஃபீஸ்லயே சேர்ந்து வந்துடும், அதனால முதல்ல யுனிவர்சிட்டி மெயிலைப் படிங்க, தெரியாம தனியா ஒண்ணு வாங்கி ரெண்டு தடவை காசு கட்டாதீங்க. தனியா வாங்கினவங்க நிறுத்தணும்னா அந்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணணும், இல்லைன்னா அடுத்த மாசக் காசும் போயிடும்.

ட்ரெயின் பேர்ல ஆர்ஈ, ஆர்பி, எஸ்-பான்னு போட்டிருந்தா லோக்கல், ஏறலாம், ஐசிஈ, ஐசின்னு இருந்தா தூரம் போற எக்ஸ்பிரஸ், ஏறக் கூடாது, மாட்டினா 60 யூரோவுல இருந்து அபராதம். ஆப்ல ரூட் தேடும்போது லோக்கல் ட்ரெயின் மட்டும் காட்டுன்னு செட்டிங் போட்டுட்டா தப்பு வராது. டிக்கெட்டோட பாஸ்போர்ட்டோ ஐடியோ கையில இருக்கணும்.

பிளாட்பாரத்துல நிக்கும்போது காதுல ஹெட்போன் வேணாம். "ஹொய்ட்ட ஃபான் க்லைஸ்"னு காதுல விழுந்தா உஷாராகிடுங்க, பெரும்பாலும் பிளாட்பாரம் மாத்திட்டாங்கன்னு அர்த்தம். எனக்கு அப்போ ஜெர்மன்ல எண்ணே தெரியாது, சுத்தி நின்ன மொத்தக் கூட்டமும் திடீர்னு படியிறங்கி ஓடுச்சு, நான் மட்டும் "பரவால்லயே, சீட் கிடைக்கும்"னு நிம்மதியா நின்னேன். எதிர் பிளாட்பாரத்துல என் ட்ரெயின் கிளம்பிப் போறதை டாட்டா காட்டாத குறையா பார்த்தேன். கூட்டம் ஓடினா கூடவே ஓடுங்க, காரணம் அப்புறம் கேட்டுக்கலாம்.

ஸ்டெப் 7: முதல்ல பக்கத்துல போங்க

முதல் வாரமே பாரிஸ், ஆம்ஸ்டர்டாம்னு பறக்காதீங்க. ஆகென்லயே பெரிய சர்ச் இருக்கு, 1978ல யுனெஸ்கோ முதன்முதலா போட்ட பாரம்பரிய லிஸ்ட்ல வந்த 12 இடங்கள்ல ஒண்ணு, ஸ்டூடண்ட்ஸ் தினமும் அதைத் தாண்டி தான் கபாப் சாப்பிடப் போறோம். ஒரு சனிக்கிழமை நெதர்லாந்துல வால்ஸ்ங்கற ஊர் பக்கம் இருக்கிற மலைக்கு நடந்து போங்க, 322 மீட்டர் தான், ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூணும் ஒரு கல்லுல சேரும், அதைச் சுத்தி ஓடினா மூச்சு வாங்கறதுக்குள்ள மூணு நாடு. நம்ம கொல்லிமலையைப் பார்த்தவங்களுக்கு மலைன்னு சொல்லவே கூச்சமா இருக்கும். பாஸ்போர்ட் மறக்காதீங்க, 2024 செப்டம்பர்ல இருந்து ஜெர்மனி எல்லாத் தரை எல்லைகளுக்கும் செக்கிங் கொண்டு வந்துடுச்சு.

அடுத்து கொலோன். ஆர்ஈ1ங்கற லோக்கல் ட்ரெயின்ல சுமார் ஒரு மணி நேரம், ஸ்டேஷன் வாசலுக்கு வந்து நிமிர்ந்தா 157 மீட்டர் சர்ச் தலைக்கு மேல நிக்கும், தேடவே வேணாம். கோபுரத்துக்கு 533 படி, லிஃப்ட் கிடையாது, பழனி ஏறின காலுக்கு ஒண்ணும் ஆகாது.

ஸ்டெப் 8: ஹாம் கோயில்

அதே ஆர்ஈ1ல இறங்காம உக்காந்தே இருங்க. டுசெல்டார்ஃப், எசன், டார்ட்மண்ட் எல்லாம் தாண்டி அந்த ட்ரெயின் கடைசியா நிக்கிற ஊர் ஹாம், ஒரு பக்கம் மூணு மணி நேரம்னு வச்சுக்கோங்க. அங்க இருந்து பஸ் பிடிச்சு யூன்ட்ராப் (Uentrop) போனா, ஃபேக்டரி, குடோனுக்கு நடுவுல 17 மீட்டர் ராஜகோபுரம், ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில், ஈழத்துத் தமிழர்கள் கட்டி 2002ல கும்பாபிஷேகம் பண்ணினது. மே, ஜூன் வாக்குல தேர்த் திருவிழா, ஐரோப்பா முழுக்க இருந்து ஆளுங்க வருவாங்க. காலையில முதல் ட்ரெயினைப் பிடிங்க, கழட்ட ஈஸியான செருப்பு போடுங்க, பையில தண்ணியும் தொப்பியும்.

நான் போன வருஷம் தனியா தான் போனேன். சாப்பாட்டு வரிசையில எனக்கு முன்னாடி நின்ன ஒரு அம்மா திரும்பிப் பார்த்து "பிள்ளை, தனியவோ வந்தனீங்கள்?"னு கேட்டாங்க. ஆமாம்மா, ஆகென்ல படிக்கிறேன்னேன். "ஊர் எது, அப்பான்ர பேர் என்ன?" செல்வராஜ்னு சொன்னேன். தட்டை நீட்டிட்டே பரிமாறுறவர்கிட்ட "செல்வராஜின்ர பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ"ன்னாங்க. ஒரு வருஷமா ஃப்ராவ் செல்வராஜா இருந்துட்டு அதைக் கேக்க எப்படியோ இருந்துச்சு, சாம்பார் காரம்னு சொல்லி கண்ணைத் துடைச்சுக்கிட்டேன்.

திரும்பி வர்றதுக்கு ஒரு விஷயம், திருவிழா ஞாயித்துக்கிழமை வரும், ஞாயித்துக்கிழமை பஸ் கம்மி. இறங்கின உடனே ஸ்டாப்ல ஒட்டியிருக்கிற டைம் டேபிளை போட்டோ எடுத்துக்கோங்க, போன் சார்ஜையும் பார்த்துக்கோங்க, டிக்கெட் அதுல தானே இருக்கு.