அம்மாவுக்கு ஷாக் கொடுக்கும் முன் 21 நாள்

அம்மாவுக்கு இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு சுருக்கம். பலூன் வைத்து விரித்த பிறகும் இதயம் தாறுமாறாகத் துடித்ததால், நெஞ்சில் மின்சார ஷாக் கொடுத்துச் சீராக்கலாம் என்றார் டாக்டர். அதற்கு முன் குறைந்தது மூன்று வாரம் ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் இதைப் படியுங்கள்.

இதயத்தின் மேலறை நடுங்கிக்கொண்டே இருந்தால், இடப்பக்கம் விரல் போல இருக்கும் சிறு பையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். துடிப்பு சீரானதும் அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். மாத்திரை அதைத் தடுக்கத்தான்.

வாராவாரம் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டாவது வாரம் 1.6 வந்தது. விசாரித்தால், அதுவரை கீரையே தொடாத அம்மா அந்த வாரம் நாலு நாள் முருங்கைக்கீரை பொரியல் சாப்பிட்டிருக்கிறார். கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. கீரையை விடச் சொல்லவில்லை. எப்போதும் சாப்பிடும் அளவிலேயே சாப்பிடட்டும்.

மாத்திரை தினமும் ஒரே நேரம். நான் சாயங்காலம் ஆறு மணிக்குக் கொடுத்துவிட்டு, தினசரி காலண்டர் தாளில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதிவிடுவேன். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடவே கூடாது.

"நாளைக்கு ஷாக், இன்னைக்கு மாத்திரையை நிறுத்திடு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அவருக்கு வேறு ஆபரேஷனின் போது அப்படி நிறுத்தினார்களாம். இங்கே அது நேர்மாறு. டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட விடக் கூடாது. மூன்று வாரம் காத்திருக்க முடியாதவர்களுக்குத் தொண்டை வழியே குழாய் விட்டு எக்கோ எடுத்து, கட்டி இல்லை என்று பார்த்துவிட்டுச் செய்வார்கள். அவர்களுக்கும் மாத்திரை உண்டு.

துடிப்பு சீராகிவிட்டதே என்று அப்புறமும் நிறுத்தாதீர்கள். மேலறை மரத்துப்போனது போலச் சில வாரம் மெதுவாகத்தான் சுருங்கும், புதுக்கட்டி வரலாம். குறைந்தது நான்கு வாரம் தொடர வேண்டும். வால்வுச் சுருக்கம் இருப்பதால் அம்மாவுக்கு ஆயுசுக்கும்.

மலம் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரைச் சீட்டு கையில் இருக்கட்டும். அம்மாவின் பர்ஸில் ஒரு நகல் எப்போதும் வைத்திருக்கிறேன்.