கோழிக்கழிச்சல் மருந்து: குப்பியில் தண்ணீர் விடும் முன் படித்துவிடுங்கள்

பங்குனி வெயில் ஏறுவதற்குள் குஞ்சுகளுக்கு லசோட்டா என்ற கோழிக்கழிச்சல் தடுப்பு மருந்தைப் போட்டுவிடுங்கள். பொரித்த 5 முதல் 7 நாளுக்குள் கண்ணில் ஒரு சொட்டு, 4வது வாரம் மறுபடி, 8வது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி, அது லசோட்டா இல்லை, ஆர்2பி (R2B) என்ற வேறு தடுப்பு மருந்து. அட்டவணை அவ்வளவுதான்.

மருந்து கெடுவது பெரும்பாலும் வழியில். மன்னார்குடியில் வாங்கிச் சட்டைப்பையில் போட்டு வெயிலில் பைக்கில் வந்தால் பாதி வீரியம் போய்விடும். குப்பிக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளை வில்லை உயிருள்ள வைரஸ். அதை உறையவைத்து, சுற்றியுள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். அப்போது ஐஸ் உருகாமலே ஆவியாகிப் போகிறது, மிஞ்சுவது காய்ந்த வில்லை. காய்ந்ததுதானே என்று வெளியே வைக்காதீர்கள், 2 முதல் 8 டிகிரிக்குள்தான் இருக்க வேண்டும். வாயகன்ற பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு எடுத்து வாருங்கள், பாலிதீன் பையை நான் நம்பவே மாட்டேன்.

கரைப்பானையும் (மருந்தைக் கரைக்கும் தண்ணீர்) குளிரவைத்து, புது சிரிஞ்சில் எடுத்து, ரப்பர் மூடியில் குத்துங்கள். நான் குழம்பி நின்ற இடம் இதுதான். அழுத்தாமலே தண்ணீர் தானாக உள்ளே பாய்ந்தது, மருந்து கெட்டுப்போச்சோ என்று பயம். உண்மையில் அதுதான் நல்ல குப்பிக்கு அடையாளம். வெற்றிடத்தில் மூடிய குப்பி என்பதால் இழுக்கிறது. இழுக்கவில்லை என்றால் மூடி வழியே காற்றும் ஈரமும் புகுந்திருக்கும், அதைப் போடாதீர்கள். அப்புறம் மெதுவாகச் சுழற்றுங்கள், நுரை வரக் குலுக்க வேண்டாம். கரைத்துவிட்டால் ஐஸ் மேலேயே வைத்து 2 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதனால் பக்கத்து வீட்டுக் குஞ்சுகளையும் முன்கூட்டியே கூடையில் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிடுங்கள். மீதியை நாளைக்கு என்று எடுத்துவைக்காதீர்கள், கொதிக்கவைத்துப் புதைத்துவிடுங்கள். கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள், இந்த வைரஸ் மனிதர்களுக்கும் கண்சிவப்பு வரவைக்கும்.

பின்சேர்க்கை: திருத்துறைப்பூண்டி அண்ணன் ஒருவர் தன் குப்பி இழுக்கவில்லை என்று எழுதினார். சில கம்பெனிகள் நைட்ரஜன் நிரப்பி மூடுகின்றன, அதில் இழுக்காது. உள்ளே இருக்கும் தாளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குடிநீரில் கலக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டீர்கள். 4வது வாரத் தவணைக்குக் கலக்கலாம், எனக்கென்னவோ கண் சொட்டுதான் பிடிக்கும், எந்தக் குஞ்சும் விட்டுப்போகாது. கலப்பதானால் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வேண்டாம், அதிலுள்ள குளோரின் வைரஸைக் கொன்றுவிடும். போர் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கரைத்து, அதற்குப் பிறகு மருந்தைச் சேருங்கள்.