அடியும் மிரட்டலும் இல்லாமல் பிள்ளையை நெறிப்படுத்துவது எப்படி?

பழைய செட்டிநாட்டு வீட்டின் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரில் ஆறு வயதுப் பையன் பென்சிலால் கிறுக்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். முதுகில் இரண்டு வைத்தால் அன்றைக்குக் கிறுக்கல் நிற்கும். மறுநாள் ஆள் இல்லாத இரண்டாங்கட்டுக்கு, அதாவது வீட்டின் உள்பகுதிக்கு, போய்க் கிறுக்குவான். யார் கண்ணில் படக் கூடாது என்பதைத்தான் அடி சொல்லிக்கொடுத்தது. அதே பையனிடம் ஈரத்துணியைக் கொடுத்து, பக்கத்தில் நின்று, "வா தம்பி, துடைப்போம். வரையணும்னா சிலேட்டு முகப்புல இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். கெடுத்ததைச் சரிசெய்வதும் எங்கே வரையலாம் என்பதும் ஒருசேரப் பிடிபடும். கறை முழுதும் போக வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் துடைத்தால் போதும், மிச்சத்தைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். தப்புச் செய்த பிள்ளையே அதைச் சரிசெய்ய வழி விடுவதுதான் கீழே சொல்லும் எல்லா முறைக்கும் அடிப்படை.

வயதுக்குத் தக்கபடி கேளுங்கள்

மூன்று வயதுக்குள் பிள்ளைக்குக் கையை அடக்கும் திறன் வளர்ந்திருக்காது. "தொடாதே" என்று இருபது முறை சொல்வதைவிடப் பல்லாங்குழிச் சோழியை மேலே எடுத்து வைப்பது மேல். வாயில் போட்டு விக்கிக்கொள்ளும் ஆபத்தும் தீரும். நான்கு, ஐந்து வயதில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். "பையை வச்சுட்டு, கை கால் கழுவிட்டு, சட்டையை மாத்திட்டு வா" என்றால் முதல் வேலையோடு நின்றுவிடும். அது அடங்காத்தனம் அல்ல. ஏழு எட்டு வயதில் இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொல்லலாம்.

தூக்கத்தையும் கணக்கில் எடுங்கள். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். திருவிழாவுக்கு மறுநாள் பிள்ளை எதற்கெடுத்தாலும் சிணுங்கினால் அன்றைக்குப் புத்திமதி எதுவும் வேண்டாம். சாப்பிட வைத்துத் தூங்க விடுங்கள்.

சொல்லும் விதம்

அடுப்படியிலிருந்து முகப்பு வரைக்கும் கத்திச் சொல்வது பாதிக் கட்டளைகளை வீணாக்குகிறது. அருகில் போங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கண் உங்கள் பக்கம் திரும்பிய பிறகு பேசுங்கள். செய்யக் கூடாததைச் சொல்வதைவிடச் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: "ஓடாதே" என்பதற்குப் பதில் "தரை ஈரமா இருக்கு, மெதுவா நடந்து வா". தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரமானால் எப்படி வழுக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் காரணத்தை ஒரு வரியில் சேர்த்தாலே பிள்ளை ஏற்கும். சொன்ன பிறகு மனதுக்குள் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். மூன்றாவது நொடியிலேயே மறுபடி சொல்லி, நாலாவது தடவை சத்தம் போட்டால்தான் எழ வேண்டும் என்று பிள்ளையைத் தாங்களே பழக்கிவிடுகிறார்கள்.

செய்து முடித்ததும் செய்த செயலைப் பெயரிட்டுச் சொல்லுங்கள். "சமத்து" என்பதோடு நிறுத்தினால் எதை மறுபடி செய்வது என்று பிள்ளைக்குத் தெரியாது. "சொல்லாமலே செருப்பை வரிசையா வச்சிருக்கியே ஆத்தா" என்றால் தெரியும்.

ஒரு பிள்ளைக்கு ஐந்து பெரியவர்கள்

நம் செட்டிநாட்டுப் பக்க வீடுகளில் பெரிய சிக்கல் இதுதான். சாப்பாட்டுக்கு முன் முறுக்கு கிடையாது என்று ஆத்தா (அம்மா) சொல்வார். கால் மணி நேரத்தில் அப்பத்தா முந்தானைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவார். இரண்டுமே பாசம்தான். ஆனால் அடம் பிடித்தால் யாராவது ஒருவர் இறங்கி வருவார் என்பதைப் பிள்ளை கச்சிதமாகக் கற்றுக்கொள்கிறது.

பிள்ளை தூங்கிய பிறகு பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து மூன்றே விதிகளைத் தேர்ந்தெடுங்கள். பத்து விதி போட்டால் ஒன்றும் நிலைக்காது. யாரையும் அடிக்கக் கூடாது, சாப்பிடும்போது கைபேசி கிடையாது, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதுபோல எல்லோரும் காக்கக்கூடியதாக இருக்கட்டும். இரண்டாவது விதி ஐயாவுக்கும் (தாத்தாவுக்கும்) பொருந்தும். அவர் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் அந்த விதியை எடுத்துவிடுவதே நேர்மை. அப்பத்தாவுக்குக் கொடுக்கும் உரிமையை முழுதும் பறிக்காதீர்கள். சாயங்காலம் நாலரை மணிப் பலகாரம் அவர் கையால் என்று வைத்துவிட்டால் அவருக்கும் நிறைவு, விதியும் உடையாது. ஒருவர் சொன்னது மற்றவருக்குப் பிடிக்காவிட்டால் பிள்ளை எதிரில் மறுத்துப் பேச வேண்டாம். இரவில் பேசி, மாற்ற வேண்டியதை மறுநாள் எல்லோருமாக மாற்றலாம்.

அப்பச்சி (அப்பா) சிங்கப்பூரிலோ சென்னையிலோ வேலையில் இருந்தால், அன்றைய குற்றப் பட்டியலை இரவு வீடியோ அழைப்புக்கு என்று சேர்த்து வைக்காதீர்கள். காலையில் செய்ததற்கு இரவில் திட்டு விழுந்தால் பிள்ளைக்கு இரண்டுக்கும் தொடர்பு தெரியாது. அப்பாவின் முகத்தைக் கண்டாலே ஒளிந்துகொள்ளும் பழக்கம்தான் வரும்.

கடை முன்னால் அழுது புரண்டால்

பிள்ளையார்பட்டிக் கோயிலுக்குக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்: "இன்னைக்குப் பொம்மை வாங்கப் போறதில்லை" அல்லது "ஐம்பது ரூபாய்க்கு ஒண்ணு, நீயே பார்த்து எடு". அதையும் மீறி அழுகை வந்தால் முதலில் கூட்டத்திலிருந்து ஒதுக்குப்புறமாகத் தூக்கிப் போங்கள். உயரத்துக்குக் குனிந்து, "வேணும்னு ஆசையா இருக்கு, கிடைக்கலைன்னு கோவம்" என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு அருகிலேயே இருங்கள். அழுது தவிக்கும் பிள்ளைக்கு விளக்கம் காதில் ஏறாது.

இதுவரை அழுதால் கிடைத்துக்கொண்டிருந்தது திடீரென்று நின்றுபோனால், அழுகை குறையும் முன் சில நாட்கள் கூடும். முறை பலிக்கவில்லை என்று எண்ணிப் பலர் கைவிடும் இடம் இது. அந்த உச்சத்தில் வாங்கிக் கொடுத்தால், எவ்வளவு நேரம் அழ வேண்டும் என்ற அளவு மட்டும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

விளைவு எப்படி இருக்க வேண்டும்

தண்டனைக்குப் பதிலாக வைக்கும் விளைவில், செய்த தப்போடு நேரடித் தொடர்பு, அவமானம் இல்லாமை, வயதுக்கேற்ற அளவு, முன்கூட்டியே தெரிந்திருத்தல் ஆகிய நான்கும் சேர வேண்டும். கவுனி அரிசியைக் கொட்டினால் கூட்டி அள்ளுவது விளைவு. ஒரு வாரம் விளையாட்டுக்கு விடாமலிருப்பது பழிவாங்கல். தங்கையை அடித்தவனைக் கட்டாயப்படுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தால் வாய்தான் கேட்கும். இருவரும் ஆறிய பிறகு, "அவளுக்கு வலிச்சிருக்கு. என்ன செஞ்சா சரியாகும்?" என்று அவனிடமே கேளுங்கள்.

திரும்பத் திரும்ப ஒரே தப்பு நடந்தால் உங்கள் மனதில் என்ன எழுகிறது என்று பாருங்கள். ஆஸ்திரிய உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லரின் வழியில் வந்த மனநல மருத்துவர் ருடால்ஃப் ட்ரைக்கர்ஸ் (1897–1972) காட்டிய தடயம் இது. உங்களுக்கு எரிச்சல் வந்தால் பிள்ளை கவனம் கேட்கிறது. தப்பு நடக்காத நேரத்தில் தினமும் பத்து நிமிடம் தனியாகக் கொடுங்கள். 'யார் பெரியவர் பார்ப்போம்' என்று கோபம் வந்தால் பிள்ளை அதிகாரம் கேட்கிறது. வீட்டுப்பாடத்தில் முதலில் கணக்கா தமிழா என்று தேர்ந்தெடுக்க விடுங்கள். உங்கள் மனம் புண்பட்டால் பிள்ளையும் எங்கோ புண்பட்டிருக்கிறது. கைவிட்டுவிடலாம் என்று தோன்றினால் பிள்ளை தன்மேலேயே நம்பிக்கை இழந்திருக்கிறது. வேலையைச் சிறு துண்டாக்கி, முதல் துண்டைச் சேர்ந்து செய்யுங்கள்.

வகுப்பறையில்

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. எல்லோர் முன்னிலும் கேலி செய்வதும் மனத் துன்புறுத்தல்தான்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் பேசிக்கொண்டிருப்பவனைப் பெயர் சொல்லி அதட்டினால் முப்பத்தொன்பது பேர் பாடத்தை விட்டு அவனைப் பார்ப்பார்கள். பாடத்தை நிறுத்தாமல் அவன் பெஞ்சு அருகே போய் நின்றாலே பெரும்பாலும் அடங்குவான். அடங்காவிட்டால் குனிந்து அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லுங்கள். கேள்வி கேட்டபின் குறைந்தது மூன்று நொடி பொறுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் கண்டறிந்தார். மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள், கண்டிக்க வேண்டிய தருணங்களும் குறைந்தன. பெற்றோரைப் பள்ளிக்கு அழைப்பது குற்றம் சொல்ல மட்டும் என்றாகிவிடக் கூடாது. நல்லது நடந்த நாளிலும் நோட்டில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.

எழுத்தைத் தப்புத் தப்பாக எடுத்து எழுதுபவனுக்குக் கண் பரிசோதனையும், கூப்பிட்டால் திரும்பாதவளுக்குக் காது பரிசோதனையும் முதலில் நடக்கட்டும். பேச்சு, நடத்தை, கற்றல் பற்றிய சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். எங்காவது ஒரு பிள்ளை அடிபடுவது தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். பள்ளி தொடர்பான புகாருக்குத் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417.