காட்டு மண்ணின் கார்பன்: சருகை மட்டும் பார்த்தால் போதாது

காட்டு மண்ணில் இவ்வளவு கார்பன் எப்படிச் சேர்ந்தது என்று கேட்டால், பெரும்பாலோர் தரையில் கிடக்கும் சருகைத்தான் காட்டுவார்கள். முதல் தவறு அதுதான். சருகின் கார்பனில் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே கரியமில வாயுவாகக் காற்றோடு போய்விடும். நெடுநாள் தங்குவதில் கணிசமான பங்கு, சருகையும் வேர் கசியவிடும் சர்க்கரையையும் தின்று வளர்ந்து செத்த பூஞ்சைகள், பாக்டீரியாக்களின் மிச்சம்.

ஸ்வீடனின் வடக்கே ஹோர்னாவன், உட்ஜௌரே ஏரிகளில் காடு மூடிய தீவுகள் பல உண்டு. சிறிய தீவுகளில் மின்னல் விழுந்து தீப்பிடிப்பது அரிது. அதனால் அங்கே மக்கு கனமாகச் சேர்ந்திருக்கிறது. மேலே விழும் சருகு மெதுவாக மக்குவதே காரணம் என்று எண்ணியிருந்தார்கள். ஆனால் அத்தீவுகளின் மண்ணில் சேர்ந்த கார்பனில் 50 முதல் 70 சதவீதம் வேர்களிலிருந்தும், வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை முதலான நுண்ணுயிர்களிலிருந்தும் வந்தது என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. மேலிருந்து கீழே பார்த்துப் பழகிய கண்ணைத் திருப்பிவிட்ட ஆய்வு என்பதால், எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

இன்னொரு தவறு, உயிருள்ள நுண்ணுயிர்களை மட்டும் அளந்து முடிவுக்கு வருவது. குளோரோஃபார்ம் ஆவியால் மண்ணின் நுண்ணுயிர்களைக் கொன்று, அவற்றிலிருந்து வெளிவரும் கார்பனை அளக்கும் புகையூட்டும் முறையில் கிடைப்பது அந்த நேரத்தில் உயிரோடிருக்கும் கூட்டத்தின் அளவுதான். அது மொத்த மண் கார்பனில் பொதுவாகச் சில சதவீதத்தைத் தாண்டாது. செத்தவற்றின் மிச்சம் அதைப்போலப் பல மடங்கு.

சரி, அந்த மிச்சம் ஏன் அழியாமல் நிற்கிறது? பூஞ்சையின் செல்சுவரில் உள்ள கைட்டின் கெட்டியானது, அதனால்தான் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் சரியல்ல. கைட்டினில் நைட்ரஜன் இருப்பதால் மற்ற நுண்ணுயிர்கள் அதைத் தேடி வந்து தின்னும். செத்த பூஞ்சை இழையில் பெரும்பகுதி சில வாரங்கள், மாதங்களிலேயே கரைந்துவிடும். மெலனின் என்ற கரிய நிறமி நிறைந்தவை மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். செனோகாக்கம் ஜியோஃபிலம் என்ற பூஞ்சை படர்ந்த வேர்நுனியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: கன்னங்கரிய மொட்டு, சுற்றிலும் விறைத்து நிற்கும் கரிய முடிகள். இப்படிப்பட்ட இழைகள் மெதுவாகத்தான் மக்கும்.

அதைவிட முக்கியம், மிச்சம் எங்கே போய் ஒட்டுகிறது என்பது. களிமண் துகளிலோ இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளிலோ ஒட்டிக்கொண்டால் நொதிகள் அதை எளிதில் நெருங்க முடியாது. அதற்காக அது நிரந்தரம் என்றும் எண்ணிவிடக் கூடாது. வேர் கசியவிடும் ஆக்சாலிக் அமிலம் அந்தப் பிடிப்பையே தளர்த்திவிடும்.

மாதிரி எடுப்பவர்கள் மேலே உள்ள மக்கு அடுக்கையும் அடியிலுள்ள கனிம மண்ணையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். மேலடுக்கில் தாவர மிச்சம் ஓங்கியிருக்கும், கீழே நுண்ணுயிர் மிச்சத்தின் பங்கு பெரும்பாலும் கூடும். கலந்தால் இரண்டு கதையும் தெரியாது. அப்புறம், செத்த நுண்ணுயிர்களின் கார்பன் எவ்வளவு என்ற கணக்கு: பாக்டீரியாவுக்கு அதன் செல்சுவரில் உள்ள முராமிக் அமிலத்தின் அளவை 45ஆலும், பூஞ்சைக்கு அதன் கைட்டினிலிருந்து கிடைக்கும் குளுக்கோசமினின் அளவை 9ஆலும் பெருக்குவது வழக்கம். பாக்டீரியாவிலும் குளுக்கோசமின் உண்டு என்பதால் அந்தப் பங்கை முதலில் கழித்துவிட வேண்டும். இந்தப் பெருக்கெண்கள் பல இனங்களின் சராசரிதான், ஆகவே வரும் விடையை மதிப்பீடு என்றே எழுதுங்கள்.