சின்னப் பாத்திரம், பெரிய தீ

பெரிய பர்னரில் சின்னப் பாத்திரத்தை ஏற்றி, தீயையும் முழுதாகத் திறந்துவிட்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். அடியைத் தாண்டி விலாவில் ஏறும் தீயால் சமையலுக்குப் பெரிய லாபமில்லை. அறைக் காற்றும் கைப்பிடியும்தான் சூடாகின்றன. என் வாணலி ஒன்றின் கைப்பிடி இப்படித்தான் போனது. முதலில் நிறம் வெளுத்தது, பிறகு திருகாணியைச் சுற்றி மயிரிழை விரிசல், ஒருநாள் கொதிக்கும் நீரோடு தூக்கியபோது லொடலொடவென்று ஆடியது. நல்ல வேளை, மேடை பக்கத்திலேயே இருந்தது.

குனிந்து பாருங்கள். தீயின் நுனி அடி விளிம்புக்குள் அடங்கியிருக்க வேண்டும். கொதி வந்த பிறகும் தீயைக் குறைக்காமல் விடுவது இதே தவறின் அடுத்த கட்டம். திறந்த பாத்திரத்தில் தண்ணீரின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நின்றுவிடும். மேலும் எரித்தால் நீர் வேகமாக வற்றுமே தவிர, உள்ளிருப்பது சீக்கிரம் வேகாது. மூடியைப் போட்டுச் சிம்மில் வைத்தால் போதும். அடியில் ஈரம் சொட்டச் சொட்ட ஏற்றுவதும் வீண்; அதைக் காயவைக்கவும் எரிவாயுதான் செலவாகிறது.

காலி நான்-ஸ்டிக் வாணலியைத் தீயில் விட்டுவிட்டுக் காய் நறுக்கப் போவதுதான் நான் அதிகம் அஞ்சும் பழக்கம். சுமார் 260 டிகிரியைத் தாண்டினால் அதன் பூச்சு சிதையத் தொடங்கும். காலி வாணலி அந்தச் சூட்டை எட்டச் சில நிமிடங்களே போதும். 350 டிகிரியை நெருங்கினால் நச்சுப் புகை வரும். கூண்டுப் பறவைகளை அது கொன்றுவிடும். சுடச்சுட இருக்கும்போதே குழாய்த் தண்ணீரில் காட்டுவதும் கூடாது. அடி வளைந்துபோனால் அந்த வாணலி அதன்பின் நேராக உட்காராது.

குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பொங்கி நுரைப்பவை என்றால் பாதியோடு நிறுத்துங்கள். வெயிட் போடும் துளையை வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டு மூடுங்கள்.

தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து, பாத்திரத்தில் கரி பிடிக்கிறதா? பாத்திரத்தைத் தேய்த்துப் பயனில்லை, பர்னரின் துளைகளைப் பாருங்கள். எரிவாயு சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடும் உண்டாகலாம். அதற்கு வாசனை கிடையாது. அடுப்பையே மூடிவிடும் அளவு அகலமான பாத்திரமும் காற்றைத் தடுத்து, வெப்பத்தைக் கீழே குமிழ்களின் பக்கம் திருப்பிவிடும்.

கைப்பிடி மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உள்பக்கம் திருப்பி வையுங்கள்.

எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. நீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் வாரி இறைக்கும். கை எட்டினால் அடுப்பை அணைத்து, உலோக மூடியை விளிம்போரமாக நகர்த்தி மூடுங்கள். தீ அடங்கிவிட்டதா என்று உடனே திறந்து பார்க்கவும் வேண்டாம். எண்ணெய் ஆறும்வரை மூடி அப்படியே இருக்கட்டும்.