கேலரியை ஒழுங்குபடுத்துதல்: முதலில் களையெடுப்பு, கடைசியில்தான் அழகு

கைத்தொலைபேசியில் இடம் போதவில்லை என்ற அறிவிப்பு வந்த பிறகுதான் பலர் கேலரியைத் திறக்கிறார்கள். அவசரத்தில் நூறு, இருநூறு படங்களைத் தொட்டு அழிக்கும்போது, பாட்டி கோலம் போட்ட கடைசிப் பொங்கல் படமும் சேர்ந்து போய்விடுகிறது. அதனால் அழிப்பதற்கு முன்பே ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்கவேண்டும்: அந்தப் படம் உண்மையில் எங்கே இருக்கிறது?

சாம்சுங் கேலரியில் ஆல்பம் என்பது ஒரு ஃபோல்டர். ‘மூவ்’ கொடுத்தால் படம் அங்கே இடம் மாறும். ‘காப்பி’ கொடுத்தால் இன்னொரு பிரதி உண்டாகி இடத்தை அடைக்கும். ஆல்பத்தை அழித்தால் உள்ளே இருக்கும் படங்களும் குப்பைக்குப் போகும். கூகல் ஃபோட்டோஸிலும் ஐபோனிலும் அப்படியல்ல. அங்கே ஆல்பம் வெறும் பட்டியல்தான். ஒரே படத்தை நான்கு ஆல்பங்களில் வைத்தாலும் கூடுதல் இடம் பிடிக்காது. ஆல்பத்தை நீக்கினாலும் படங்கள் அப்படியே இருக்கும். ஒரு செயலியில் பழகிய கை அடுத்ததிலும் அதே பழக்கத்தில் அழிக்கும்போதுதான் இழப்பு நேர்கிறது.

இதைவிடப் பெரிய குழப்பம் காப்புப் பிரதியில். கூகல் ஃபோட்டோஸில் ‘பேக்கப்’ இயங்கும்போது ஒரு படத்தை ‘டிலீட்’ செய்தால், கைபேசியிலிருந்தும் கணக்கிலிருந்தும் சேர்ந்தே போகும். கைபேசியில் மட்டும் இடம் வேண்டுமானால் அழிக்கக்கூடாது. ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ பயன்படுத்தவேண்டும். அதற்கும் முன்னால் பேக்கப் தரத்தைப் பாருங்கள். ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்றிருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களும் 1080பி-க்கு மேற்பட்ட காணொளிகளும் சுருக்கப்பட்டிருக்கும். கைபேசியில் இருக்கும் மூலப்படத்தை நீக்கிவிட்டால் சுருங்கிய பிரதிதான் மிச்சம். திருமணம், குழந்தையின் முதல் ஆண்டு போன்றவற்றின் மூலக்கோப்புகளை ஒரு வெளி எஸ்எஸ்டியிலும் (தனியாக இணைக்கும் சேமிப்புக் கருவி) போட்டு வைத்த பிறகு இதைச் செய்வதே சரி.

தவறி அழித்தால் உடனே குப்பைத் தொட்டியைத் திறங்கள். பேக்கப் ஆன படம் கூகல் ஃபோட்டோஸில் 60 நாள் இருக்கும், பேக்கப் ஆகாதது 30 நாள். சாம்சுங் கேலரியிலும் ஐபோனிலும் 30 நாள். ஆனால் இடம் வேண்டுமென்று குப்பையையும் காலி செய்துவிட்டால் அந்தக் கெடுவுக்கு அர்த்தமில்லை.

களையெடுப்பு

காணொளியிலிருந்து தொடங்குங்கள். ஐபோனில் விநாடிக்கு 30 பிரேம் வேகத்தில் 4கே காணொளி எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பி ஆகும். ஒரு படம் 3 எம்பி என்று கொண்டால் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களின் இடம் அது. பள்ளிக் கலைநிகழ்ச்சியில் மேடை தெரியாமல் முன்வரிசைத் தலைகளை மட்டும் பிடித்த ஐந்து நிமிடக் காணொளி ஒன்றை நீக்கினாலே பெரும் இடம் கிடைக்கும். கூகல் ஃபோட்டோஸின் சேமிப்பிட நிர்வாகப் பகுதி பெரிய காணொளிகள், மங்கலான படங்கள், ஸ்கிரீன்ஷாட்கள் என்று பிரித்தே காட்டும். மங்கலானவை என்று அது சொல்வதை மட்டும் அப்படியே நம்பவேண்டாம். தீபம் சுழற்றும்போது அசைந்த கை, கோலாட்டத்தில் சுழன்ற பாவாடை எல்லாம் அந்தப் பட்டியலில் வந்து சேரும்.

அடுத்தது வாட்ஸ்அப். குடும்பக் குழுவில் வரும் காலை வணக்கப் படங்களை ஒவ்வொன்றாக அழிப்பது முடிவில்லாத வேலை, வரும் வழியை அடைப்பதே தீர்வு. ஆண்ட்ராய்டில் அந்தக் குழுவின் பெயரைத் தொட்டு ‘மீடியா விசிபிலிட்டி’யை ‘நோ’ ஆக்குங்கள். ஐபோனில் ‘சேவ் டு ஃபோட்டோஸ்’ என்பதை நிறுத்துங்கள். இது இனி வரும் படங்களுக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே குவிந்தவற்றுக்கு வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, அதற்குள் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவையும் பலமுறை பகிரப்பட்டவையும் தனித்தனியே கிடைக்கும்.

ஒரே காட்சியை இருபது முறை எடுத்திருந்தால் மொத்தத்தையும் ஒன்றாகப் பார்த்துத் தேர்வு செய்யமுடியாது. முதல் இரண்டை ஒப்பிட்டு ஒன்றை நீக்குங்கள். வென்றதை அடுத்ததுடன் ஒப்பிடுங்கள். கண்களைப் பெரிதாக்கிப் பார்ப்பது போதும்: கண் கூர்மையாக இல்லாத முகப்படம் எந்தத் திருத்தத்திலும் தேறாது. தேறியவற்றுக்கு இதயக் குறி போடுங்கள். சிங்கப்பூரில் ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து சிட்டி ஹால் போகும் எம்ஆர்டி ரயில் பயணம் இந்த வேலைக்குப் பொருத்தமான நேரம். திருத்துவதை மட்டும் அங்கே செய்யாதீர்கள். காரணம் பின்னால் வரும்.

தேதி சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது

கேலரி எல்லாவற்றையும் தேதி வைத்துத்தான் அடுக்குகிறது. வாட்ஸ்அப் வழியே வரும் படத்தில் எடுத்த நாள், இடம் போன்ற விவரங்கள் இருக்காது. வந்து சேர்ந்த நாளே அதன் நாளாகிவிடும். மதுரையில் மே மாதம் நடந்த காதுகுத்துப் படத்தை மாமா தீபாவளிக்கு அனுப்பினால் அது தீபாவளிப் படங்களுக்கு நடுவில் நிற்கும். கூகல் ஃபோட்டோஸில் படத்தை மேலே தள்ளினால் தேதியைத் திருத்தும் இடம் வரும். சாம்சுங்கிலும் விவரப் பகுதியில் ‘எடிட்’ உண்டு, ஐபோனில் ‘அட்ஜஸ்ட்’. முக்கியமான படமென்றால் ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது மூலக்கோப்பு தேதியோடும் முழு அளவோடும் வரும்.

சிங்கப்பூரிலிருந்து இந்தியா போய்வந்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். கைபேசி ஊர் நேரத்துக்குத் தானாக மாறும், தனிக் கேமரா மாறாது. இரண்டிலும் எடுத்த படங்களைச் சேர்த்தால் இரண்டரை மணி நேர வித்தியாசத்தில் தாலி கட்டிய படம் நலங்குக்கு முன்னால் வந்து நிற்கலாம். கேமராப் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நேரத்தில் இரண்டரை மணியைக் குறைத்தால் வரிசை சரியாகும்.

பழைய அச்சுப் படங்களைக் கைபேசியால் பிடிக்கும்போது கண்ணாடி போன்ற பளபளப்பு விழும். கூகலின் ஃபோட்டோஸ்கேன் செயலி ஒரே படத்தைப் பல கோணங்களில் எடுத்து அந்தப் பளபளப்பை நீக்குகிறது. பிடித்தவுடனே தேதியை மாற்றிவிடுங்கள். நாள் தெரியாவிட்டால் ஆண்டையாவது போடுங்கள். தள்ளிப்போட்டால் 1978இல் எடுத்த தாத்தாவின் படம் இந்த வார மதிய உணவுப் படத்துக்குப் பக்கத்தில் கிடக்கும்.

ஆல்பங்கள் குறைவாக இருக்கட்டும். பெயரை ‘2025-01 பொங்கல்’, ‘2025-02 தைப்பூசம்’ என்று ஆண்டு, மாதத்தில் தொடங்கினால் பெயர் வரிசையே கால வரிசையாகும். ஆட்களுக்குத் தனி ஆல்பம் வேண்டாம். முகங்களைத் தொகுக்கும் பகுதியில் பெயர் கொடுத்தாலே போதும். வளரும் குழந்தையின் முகம் இரண்டு மூன்று தொகுப்பாகப் பிரிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைக் கொடுத்தால் இணைக்கலாமா என்று கூகல் ஃபோட்டோஸ் கேட்கும்.

திருத்தம்

இதயக் குறி போட்டவற்றை மட்டும் திருத்துங்கள். திரையின் ‘நைட் லைட்’, ‘ஐ கம்ஃபர்ட்’, ‘ட்ரூ டோன்’ போன்றவற்றை முதலில் அணையுங்கள். அவை திரையை மஞ்சளாக்கும். அதைப் படத்தின் குறையென்று எண்ணி நீலத்தைக் கூட்டிவிடுவோம். வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும் ரயிலில் திருத்தவேண்டாம் என்பதும் இதனால்தான். வீட்டில் விளக்கொளியில், திரையின் வெளிச்சத்தைப் பாதி அளவில் வைத்துச் செய்யுங்கள்.

முதலில் சாய்வைச் சரிசெய்து கிராப் செய்யுங்கள். பிறகு ‘எக்ஸ்போஷர்’ (மொத்த வெளிச்சம்), அதன்பின் ‘ஹைலைட்ஸ்’ (வெளிச்சமான பகுதிகள்), ‘ஷேடோஸ்’ (நிழல் பகுதிகள்), நிறவெப்பம் (மஞ்சள்-நீலச் சாயல்), கடைசியில் ‘ஷார்ப்பன்’. நிறத்தை முதலில் தொட்டால் வெளிச்சம் மாறும்போது அதுவும் மாறி, இரட்டை வேலையாகும்.

சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 1 மணிக்கு. அந்நேரத்தில் சிராங்கூன் சாலையில் காவடி எடுப்பவரைப் படம்பிடித்தால் கண்குழியில் கருநிழல், நெற்றியில் வெள்ளைத் திட்டு. ஹைலைட்ஸை –30 முதல் –50 வரை குறைத்து, ஷேடோஸை +20 முதல் +30 வரை கூட்டுங்கள். அதற்கு மேல் போனால் நிழலில் புள்ளிகள் கிளம்பும். நெற்றித் திட்டு முழு வெள்ளையாகிவிட்டிருந்தால் அங்கே தகவலே பதிவாகவில்லை, எவ்வளவு குறைத்தாலும் சாம்பலாகுமே தவிர தோல் திரும்பாது.

நம் தோல் நிறத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்லவேண்டும். தானியங்கித் திருத்தம் மாநிறத்தையும் கருநிறத்தையும் ‘வெளிச்சம் குறைவு’ என்று எடுத்துக்கொண்டு ஷேடோஸைத் தூக்கிவிடலாம். முகம் சாம்பல் பூசியதுபோல ஆகிவிடும். ஷேடோஸைக் கொஞ்சமாகக் கூட்டி, ‘பிளாக் பாயிண்ட்’டை (கருமையின் அளவு) +5 முதல் +10 வரை ஏற்றி, நிறவெப்பத்தை ஐந்து புள்ளி கூட்டினால் தோலின் செழுமை திரும்பும். கேமராவில் உள்ள முக அழகூட்டும் வசதியை அடியோடு நிறுத்திவிடுங்கள். அது பிள்ளைகளின் உண்மை நிறத்தை அழித்துப் பதிவு செய்கிறது, பின்னால் மீட்க வழியில்லை.

பட்டுச்சேலையின் அரக்கும் சிவப்பும் ‘சாச்சுரேஷன்’ (நிறச்செறிவு) கூடியவுடன் ஒரே பூச்சாகிவிடும். நெசவும் மடிப்பும் மறையும். அதற்குப் பதில் ‘வைப்ரன்ஸ்’ பயன்படுத்துங்கள், அது ஏற்கெனவே செறிந்த நிறங்களை அதிகம் தொடாது. குத்துவிளக்கு வெளிச்சத்தின் மஞ்சளை முழுவதும் நீக்காதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையின் எல்இடி விளக்கு தரும் பச்சைச் சாயலை மட்டும் ‘டின்ட்’டைச் சற்று மெஜந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு) பக்கம் நகர்த்திப் போக்குங்கள். ஒரு முகத்துக்கு மட்டும் வெளிச்சம் வேண்டுமென்றால் ஸ்னாப்சீட் என்ற திருத்தச் செயலியில் ‘செலக்டிவ்’ புள்ளி வைத்து, இரு விரலால் வட்டத்தைச் சுருக்கி +15 கொடுக்கலாம்.

ஐபோனிலும் சாம்சுங் கேலரியிலும் சேமித்த பிறகும் ‘ரிவர்ட்’ உண்டு. ஆனால் திருத்திய படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதையே திரும்ப இறக்கிக்கொண்டால் மூலப்படத்துக்குத் திரும்ப வழியிருக்காது.

அச்சிடுவதற்கு அளவு முக்கியம். கைபேசிப் படம் பொதுவாக 4:3 விகிதம், கடையில் கேட்கும் 4ஆர் என்பது 4×6 அங்குலம், அதாவது 3:2. அப்படியே கொடுத்தால் இயந்திரம் மேலும் கீழும் வெட்டும். குழுப்படத்தில் பின்வரிசைத் தலைகள் போகும். நீங்களே 3:2இல் கிராப் செய்து கொடுங்கள். 4ஆர் தெளிவாக வர 1200×1800 பிக்சல் வேண்டும், 8ஆருக்கு (8×10 அங்குலம்) 2400×3000. ஐபோனின் ஹெச்இஐசி கோப்பைக் கடை இயந்திரம் திறக்காமல் போகலாம். அதனால் புறப்படும் முன் ஜேபெக்காக மாற்றி, ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுப் போங்கள்.