பழைய மரக் கேமராவைச் சீரமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டுடியோக்களின் பரணிலிருந்து மரக் கேமராக்கள் அவ்வப்போது கீழே இறங்குகின்றன. இங்கிலாந்திலிருந்து வந்த தார்ன்டன்-பிக்கார்ட், சாண்டர்சன்; 1940களில் தொடங்கி ஆலப்புழையில் தேக்கும் பித்தளையுமாகச் செய்யப்பட்ட வாகீஸ்வரி. வாங்கியவர் முதலில் தேடுவது உப்புத்தாளும் பித்தளை பாலிஷும்தான். அதுவே முதல் தவறு. வரவேற்பறையில் பளபளத்து நிற்கும் பல கேமராக்களால் ஒரு படம்கூட எடுக்க முடியாது. ஒளி கசியாமல் இருக்கிறதா, ஃபோகஸ் சரியாக விழுகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஃபோகஸில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பின்புறத்தில் உள்ள மங்கல் கண்ணாடியில் காட்சி தலைகீழாக விழும். ஃபோகஸ் செய்த பிறகு அந்த இடத்துக்கு, பிலிமையோ கண்ணாடித் தகட்டையோ ஒளிபடாமல் வைத்திருக்கும் ஹோல்டர் வரும். கண்ணாடியின் சொரசொரப்பான பரப்பும் பிலிமின் பரப்பும் லென்ஸிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தாக வேண்டும். உடைந்த கண்ணாடியை மாற்றும்போது சொரசொரப்புப் பக்கத்தை நம்மை நோக்கி வைத்துவிடுவது வழக்கமான பிழை. அது லென்ஸைப் பார்த்தே இருக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் கண்ணாடியைத் திருப்பி வைத்தால் ஃபோகஸ் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிசகும். கண்ணாடியில் கூர்மையாகத் தெரிந்த முகம் பிலிமில் மங்கியிருக்கும்; பழி லென்ஸ்மேல் விழும்.

ஹோல்டர்களைத் தனியாக விற்பதும் எறிவதும் அதைவிடப் பெரிய இழப்பு. பழைய கேமராக்கள் பலவற்றில் அந்தந்தக் கேமராவுக்கென்றே ஹோல்டர் இழைத்துப் பொருத்தப்பட்டது. இன்னொன்றின் ஹோல்டர் உட்காராது. அளக்காமல் புதிதாக வாங்கவும் வேண்டாம். பழைய தகட்டு அளவுகளில் ஹாஃப் பிளேட் என்பது 4¾ × 6½ அங்குலம், ஃபுல் பிளேட் 6½ × 8½. இன்று கடையில் கிடைக்கும் 5 × 7 பிலிம் ஹாஃப் பிளேட்டில் நுழையாது. எக்ஸ்-ரே பிலிமை அளவுக்கு வெட்டிக்கொள்பவர்கள் உண்டு. கண்ணாடித் தகட்டுக்காகச் செய்த ஹோல்டரில் பிலிமை அப்படியே செருகினால் வளையும். அதற்கான உலோக உறை தேவை.

அடுத்து, லென்ஸையும் பின்புறத்தையும் இணைக்கும் மடிப்பு மடிப்பான துருத்தி. இருட்டறையில் அதை முழுக்க இழுத்துவிட்டு, உள்ளே டார்ச்சை வைத்துப் பாருங்கள். மடிப்புகளின் மூலைகளில் ஊசித் துளைகள் மின்னும். சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். உடனே கறுப்புப் பெயின்டைத் தடிமனாகப் பூசினால், காய்ந்தபின் மடிக்கும்போது வெடிக்கும், அல்லது மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தோல் மென்மையாகட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவுவது இன்னும் மோசம். தோலையும் துணியையும் பிணைத்த பசையை அது இளக்கிவிடும். சிறு துளைகளுக்கு மெல்லிய தோல் ஒட்டு போதும். மாற்றியே தீர வேண்டுமென்றால் பழையதை எறியாதீர்கள்: மடிப்பின் எண்ணிக்கையும் உள்ளிருக்கும் அட்டைப் பட்டிகளின் அளவும் அதில்தான் இருக்கின்றன. தடித்த ரெக்சினில் செய்தால் கேமராவை மூடவே முடியாது. வாகீஸ்வரியைத் தொடங்கிய கருணாகரன் இசைக்கருவித் தொழில் செய்த குடும்பத்தவர். ஆர்மோனியத்திலும் துருத்தி உண்டு; அதைப் பழுதுபார்ப்பவர் அருகில் இருந்தால், கேமராக் கடைக்கு முன் அவரைப் பார்ப்பது நல்லது.

மரத்துக்கு வருவோம். பழைய மெருகு பெரும்பாலும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் தேய்த்தது. மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், பிசுபிசுத்தால் அரக்கு. அதன்மேலேயே மெல்லியதாகப் புது அரக்கு ஏற்றலாம். பாலியூரிதேன் வார்னிஷ் பூசினால் நகரும் பாகங்கள் இறுகும், பிறகு எடுப்பதும் பாடு. மழைக்காலத்தில் மரம் உப்பிச் சட்டம் சிக்கினால் இழைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் அதே இடத்தில் இடைவெளி விட்டு ஒளி கசியும். மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டுக் காத்திருங்கள். பிரிந்த மூட்டுக்கு அன்று போட்டது பெரும்பாலும் வச்சிரப் பசை. வெந்நீரில் இளகும், மீண்டும் பிரிக்கலாம். எபாக்ஸி போட்டால் அடுத்த முறை மூட்டோடு மரமும் பிய்ந்து வரும்.

பித்தளையைக் கழற்றாமல் பாலிஷ் போட்டால் வெள்ளைப் படிவு திருகுகளைச் சுற்றியும் மர இழைகளிலும் தங்கிவிடும். எந்திரத்தில் கொடுத்தால் பொறித்திருக்கும் பெயரே தேய்ந்து போகும். திருகைக் கழற்றுமுன் அதன் தலையிலுள்ள பள்ளத்தைச் சுத்தம் செய்து, அகலம் பொருந்தும் திருப்புளியை எடுங்கள். ஓர் அட்டையில் கேமராவை வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றின் துளையில் இன்னொன்று சரியாக ஏறாது.

லென்ஸைப் பிரிக்கும் ஆசை வந்தால், பென்சிலால் ஒவ்வொரு கண்ணாடியின் விளிம்பிலும் வரிசையையும் எந்தப் பக்கம் முன்னே என்பதையும் குறித்த பிறகே பிரியுங்கள். பெட்ஸ்வால் என்ற பழைய உருவப்பட லென்ஸ் வகையில் பின்பக்கக் கண்ணாடி ஒன்று திரும்பிவிட்டாலும் படம் குழம்பும். ஒட்டிய கண்ணாடிகளைக் கரைப்பானில் ஊறப்போடாதீர்கள். நடுவில் இருப்பது பிசின். விளிம்பில் மஞ்சள் படிந்திருந்தாலும் பல லென்ஸ்கள் நன்றாகவே படம் எடுக்கும், அதை அப்படியே விட்டுவிடலாம்.